வேட்பாளர் விவாத நிகழ்ச்சி: மணி அடித்தால் போதாது

2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலுக்கு முந்திய வாரம், கொக்குவில் வீட்டில் அம்மாவுடன் ஒரு தொலைக்காட்சியின் வேட்பாளர் விவாதத்தைப் பார்த்தேன். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு ஆறு ஆசனங்கள். ஒவ்வொரு கட்சி, குழுவின் பட்டியலிலும் ஒன்பது பேர். விருப்பு வாக்கை, அதாவது பட்டியலுக்குள் நமக்குப் பிடித்த வேட்பாளருக்குப் போடும் வாக்கை, யாருக்குப் போடுவது என்று தீர்மானிக்கத்தான் உட்கார்ந்தோம்.

மேசையைச் சுற்றி எட்டுப் பேர். முன்னுரையும் விளம்பரமும் போக ஆளுக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. குருநகரிலிருந்து தொலைபேசியில் ஒரு மீனவர் கேட்டார்: "கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலையை 2017இலேயே சட்டம் தடைசெய்துவிட்டது. எங்கள் வலை இன்னும் அறுபடுகிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?" அன்றைக்கு உயிருள்ள கேள்வி அது ஒன்றுதான். நேயர்களுக்கு இடம் கொடுத்ததற்காக நிகழ்ச்சியைப் பாராட்டுகிறேன். ஆனால் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். நெறியாளர் மணியை அடித்தார், ஒருவரும் நிறுத்தவில்லை. அம்மா சத்தத்தைக் குறைத்துவிட்டு, "அந்தப் பிள்ளைக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே" என்றார்.

அதே ஆண்டு ஜூன் 27இல் நடந்த பைடன்-டிரம்ப் விவாதத்தில் அரங்கில் பார்வையாளர்கள் இல்லை. முறை வராதவரின் ஒலிவாங்கி அணைக்கப்பட்டிருந்தது. சொன்னதெல்லாம் உண்மை என்று ஆகிவிடாது, ஆனாலும் ஒருவரின் பதிலை முழுதாகக் கேட்க முடிந்தது. இங்கேயும் அதைச் செய்யலாம். ஒரு தடவைக்கு மூன்று பேர், ஒரே விடயம், நழுவினால் அதே கேள்வியைத் திரும்பக் கேட்கும் நெறியாளர். இவ்வளவும் இருந்தால் அம்மாவும் நானும் மறுபடி உட்காருவோம்.

இப்போதைக்கு ஐந்துக்கு இரண்டு.