முதுகு மூடிய மேசையும் முதுகு திறந்த மேசையும்: கணினிக்கும் பிளேஸ்டேஷனுக்கும் செய்வித்த இரண்டு

கோண்டாவிலில் உள்ள எங்கள் வீட்டில் இப்போது கணினி மேசைகள் இரண்டு இருக்கின்றன. இரண்டும் நான் அளவு கொடுத்துச் செய்வித்தவை. முதலாவது, யாழ்ப்பாண நகரில் பான்ரி அலுமாரிகள் செய்யும் ஒரு பட்டறையில் 16 மி.மீ மெலமைன் பலகையால் (அழுத்திய மரத்தூளுக்கு மேல் வழவழப்பான தோல் ஒட்டியது) ஆனது. கணினிப் பெட்டி, பிளேஸ்டேஷன் என்னும் விளையாட்டுக் கருவி, வயர்கள் எல்லாவற்றையும் கதவுகளுக்குப் பின்னால் மறைத்துவிடும் வகை. இரண்டாவது, சுன்னாகத்துத் தச்சர் ஒருவர் வேப்பம் பலகையில் செய்து தந்தது. முன்னால் நின்று பார்த்தால் சாதாரண எழுத்து மேசை போலத் தோன்றும், ஆனால் அதற்கு முதுகுப் பலகை கிடையாது. முதலாவதை இரண்டு வருடம் பயன்படுத்தினேன். இரண்டாவது வந்து ஒன்றரை வருடமாகிறது. இந்த ஒப்பீட்டில் நான் நடுநிலையாளன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; இதை எழுதிக்கொண்டிருப்பது வேப்ப மேசையில்தான்.

கடைகளில் ஆயத்தமாக விற்கும் மேசைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மொனிட்டரும் விசைப்பலகையும் வைக்க அவை போதும். பிளேஸ்டேஷனுக்கு இடம் தேடும்போதுதான் தட்டின் ஆழம் போதாமை தெரியவரும். மேசைப் பரப்பையே கண்ணாடியால் அமைத்து, அதன் கீழே லாச்சி போன்ற பெட்டிக்குள் மதர்போர்டையும் கிராபிக்ஸ் அட்டையையும் நேரடியாகப் பொருத்தும் முறையும் உண்டு. ஆசைப்பட வைப்பதுதான். ஆனால் ஒரு பாகத்தை மாற்றுவதற்கு மேசை முழுவதையும் ஒழிக்க வேண்டியிருக்கும் என்ற தயக்கத்தால் நான் அதில் இறங்கவில்லை.

அழகு, செலவு, வேகம் என்று கேட்டால் மெலமைனே வெல்லும். அளவு கொடுத்த ஐந்தாம் நாள் மேசை வீட்டுக்கு வந்துவிட்டது. தச்சரிடமோ ஏழு கிழமை காத்திருந்தேன், செலவும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மெலமைனை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். வேம்போ நார் ஒழுங்கற்ற மரம்; எவ்வளவு தேய்த்தாலும் தேக்கின் வழவழப்பு அதற்கு வராது. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னரும் நான் வேப்ப மேசையின் பக்கம் நிற்பதற்குக் காரணம் ஒன்றே ஒன்று, துப்பரவு. மேசையின் துப்பரவைச் சொல்லவில்லை. அதற்குள் இருக்கும் இயந்திரத்தைத் தூசு தட்டுவதற்கு மேசை எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

கணினியும் பிளேஸ்டேஷனும் எடுக்கும் மின்சாரம் கடைசியில் வெப்பமாகவே வெளியேறுகிறது. பிளேஸ்டேஷன் 5 பெரிய விளையாட்டொன்றை ஓட்டும்போது சுமார் 200 வாற் எடுக்கும். பழைய 100 வாற் குண்டு பல்ப் இரண்டை அலுமாரிக்குள் எரியவிட்டுக் கதவைச் சாத்தினால் எப்படியோ அப்படித்தான். அந்தக் கருவி முன்பக்கத்தால் காற்றை இழுத்துப் பின்பக்கத்தால் சூடாகத் தள்ளுகிறது. பின்னால் பலகை இருந்தால், தள்ளிய சூட்டுக்காற்று பக்கவாட்டில் சுழன்று மறுபடி முன்பக்கத்துக்கே வந்து சேரும். சுவரிலிருந்து குறைந்தது 10 செ.மீ தள்ளி வைக்குமாறு சோனி நிறுவனத்தின் கையேடு சொல்வது இதனால்தான். பட்டறைக்காரர் நான் கேட்டபடி பின்பலகையில் இரண்டு வட்டத் துளைகள் போட்டுத் தந்திருந்தார். அவை வயர் போகப் போதும். காற்றுப் போகப் போதா. பின்னர் 120 மி.மீ விசிறி ஒன்றையும் பொருத்திப் பார்த்தேன். வெளியே தள்ளும் அளவு காற்று உள்ளே வர வழி இல்லாதபோது விசிறி என்ன செய்யும்? கதவைத் திறந்துவைத்தால் மாத்திரம் அது பயன்பட்டது. கதவைத் திறந்துவைத்துத்தான் விளையாடுவதென்றால் கதவுக்குக் கொடுத்த காசு வீண்.

வெப்பத்தைக்கூட ஒருவாறு சமாளிக்கலாம். எங்கள் ஊர்த் தூசைச் சமாளிப்பதுதான் கடினம். கோண்டாவில் செம்மண் நிலம். சோளகம் வீசும் மாதங்களில் தோட்டத்து மண் யன்னல் கம்பிகளில் சிவப்பாகப் படிந்திருக்கும். அதே மண்தான் கணினியின் விசிறி இதழ்களிலும் படிகிறது. மூடிய மேசைக்குள் தூசு வராது என்றே நானும் நினைத்திருந்தேன். விசிறி காற்றை இழுக்கும்வரை, கதவின் இடுக்கு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் தூசும் கூடவே வரும். வந்ததை வெளியே எடுப்பதற்குத்தான் வழி இருக்காது.

ஒரு நாள் மாலை பிளேஸ்டேஷனின் விசிறி வழக்கத்துக்கு மாறாக இரையத் தொடங்கியது. மேசையைச் சுவரிலிருந்து இழுக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. பின்பலகையின் எட்டுத் திருகாணிகளையும் கழற்றிப் பார்த்தால், கருவிக்குப் பின்னால் இளஞ்சூடான மூலையில் பல்லி முட்டைகள் மூன்று ஒட்டியிருந்தன. அவற்றில் ஒன்று பொரித்து ஓடு மட்டும் மிஞ்சியிருந்தது. என்னிடம் இருப்பது 2020 இல் வெளிவந்த முதல் மாதிரி; அதன் பக்க மூடியைக் கழற்றினால், தூசு சேர்வதற்கென்றே அமைத்த இரண்டு துளைகள் தெரியும். தூசு உறிஞ்சியின் முனையை அவற்றில் வைத்து இழுக்க வேண்டும். இரண்டும் சிவந்த பஞ்சு போன்ற ஒன்றால் அடைபட்டிருந்தன. துப்பரவுக்கு எடுத்தது பத்து நிமிடம். மேசையைக் கழற்றிப் பூட்டுவதற்கு எடுத்தது அரை நாள். பூட்டும்போது எட்டில் மூன்று திருகாணிகள் பிடிக்கவில்லை. மெலமைன் தோலுக்கு உள்ளே இருந்தது அழுத்திய மரத்தூள். ஒருமுறை திருகாணி ஏறிய துளையில் இரண்டாம் முறை பிடிமானம் குறையும், மூன்றாம் முறை தூளாகக் கொட்டும். துப்பரவு செய்யச் செய்யப் பலவீனமாகும் மேசையை வைத்திருப்பவர் துப்பரவைத் தள்ளிப்போடவே பார்ப்பார். நானும் தள்ளிப்போட்டேன், அடுத்த ஆறு மாதம் அந்த மேசையை அசைக்கவில்லை.

ஆகவே இரண்டாவது மேசைக்கு அளவு கொடுக்கப் போனபோது, முன்பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று யோசிப்பதற்கு முன் பின்பக்கத்தையே வரைந்து கொண்டுபோனேன். நீளம் 5 அடி 6 அங்குலம், அகலம் 2 அடி 6 அங்குலம், உயரம் 29 அங்குலம். வலப்புறம் கணினிப் பெட்டிக்கு 12 அங்குல அகலத்தில் முன்னும் பின்னும் திறந்த கூடு. இடப்புறம் இரண்டு தட்டுகளும் மேலே ஒரு சிறு லாச்சியும். அடித்தட்டு நிலத்திலிருந்து 4 அங்குலம் உயர்ந்தது. கீழே கூட்டித் துடைக்கவும், கறையான் ஏறினால் கண்ணில் படவும் அந்த உயரம் வேண்டும். பிளேஸ்டேஷனைப் படுக்கவைத்தால் அகலம் 39 செ.மீ, ஆழம் 26 செ.மீ, உயரம் 10.4 செ.மீ. திரைக்குப் படம் கொண்டுபோகும் எச்.டி.எம்.ஐ கேபிளும் மின்வயரும் முறியாமல் இறங்கப் பின்னால் 10 செ.மீ, முன்னால் கை விட ஒரு 6 செ.மீ என்று கூட்டித் தட்டின் ஆழத்தை 42 செ.மீ ஆக்கினோம். தட்டுக்கும் தட்டுக்கும் இடையே 20 செ.மீ. எக்ஸ்பொக்ஸ் சீரீஸ் எக்ஸ் என்னும் வேறு விளையாட்டுக் கருவி வைத்திருப்பவர்கள் இந்த இடைவெளியை அப்படியே எடுக்கக்கூடாது, அது 15.1 செ.மீ சதுரமும் 30.1 செ.மீ உயரமும் கொண்டது, நிமிர்த்தி வைத்தால் சூட்டை மேற்பக்கத்தால் விடுவது. என்னிடம் அந்தக் கருவி இருந்ததில்லை. இருந்திருந்தால் அதை மேசைக்குள் வைக்காமல் மேலே வைத்திருப்பேன் என்றே நினைக்கிறேன்.

“முதுகுப் பலகை இல்லாட்டி மேசை ஆடும், தம்பி” என்று தச்சர் மறுத்தார். அவர் சொன்னது சரி. மேசையைப் பக்கவாட்டில் சரியவிடாமல் பிடித்து நிற்பது பெரும்பாலும் அந்தப் பலகைதான். கடைசியில் இருவருமாக ஒரு சமாதானத்துக்கு வந்தோம். பின்புறத்தில் மேலே 5 அங்குல அகலமான குறுக்குச் சட்டம் ஒன்று, அடித்தட்டோடு சேர்த்து இன்னொன்று. இரண்டின் முனைகளையும் கழுந்தாகச் செதுக்கி, கால்களில் இட்ட துளைகளுக்குள் இறக்கி இறுக்கினார். இடையில் உள்ள பகுதி முழுவதும் வெறுமை. ஒன்றரை வருடமாக மேசை ஆடவில்லை.

ஆனால் பின்பக்கம் திறந்த மேசையைச் சுவரோடு ஒட்டி வைத்தால் சுவரே முதுகுப் பலகையாகிவிடும். எனவே இடது ஓரம் மட்டும் சுவரைத் தொட, மேசை அறைக்குக் குறுக்கே நிற்கிறது. பின்னால் ஓர் ஆள் நுழையும் அளவு இடம். “வாத்தியார் மேசை மாதிரிக் கிடக்கு” என்பது அம்மாவின் கருத்து. வாசலால் வருபவருக்கு வயர்கள் அனைத்தும் தெரியும். அதைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர்களும், கட்டில் கிடக்கும் சிறிய அறையில் மேசை போடுபவர்களும் இந்த ஏற்பாட்டை விரும்பமாட்டார்கள். எனக்குக் கிடைத்த பயன் இது: மாதத்தில் ஒரு சனிக்கிழமை சின்ன முக்காலியொன்றைப் பின்னால் போட்டு இருந்து, விசிறி இதழைச் சுழலவிடாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, பெயின்ற் அடிக்கும் மெல்லிய தூரிகையால் தட்டிவிடுகிறேன். திருகாணி கழற்றுவதில்லை, யாரையும் உதவிக்குக் கூப்பிடுவதில்லை, இருபது நிமிடத்தில் வேலை முடிகிறது. பல்லி இப்போதும் வருகிறது, வந்தால் தெரிகிறது.

மரத்தைத் தெரிவு செய்ததில் பெரிய ஆராய்ச்சி இல்லை. தேக்கும் முதிரையும் என் கைக்கு எட்டவில்லை. பலா நல்ல மரம், ஆனால் அதைத் தறிப்பதற்கு 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும்; நினைத்தவுடன் கிடைக்கும் பலகை அன்று. பனை கூரைச் சிலாகைக்கு உரியது. நார் பிரிந்து கையில் ஏறும் மரத்தில் முழங்கையை ஊன்றி விளையாட முடியாது. வேம்பைப் பூச்சி எளிதில் அரிக்காது என்பதை, புத்தக அலுமாரிக்குள் வேப்பிலை வைத்த வீடுகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த வேம்பும் என்னை ஒருமுறை சோதித்தது. காய்ந்த பலகை என்று மரக்காலையில் உறுதியாகச் சொல்லியிருந்தார்கள். அது முழுதாகக் காய்ந்திருக்கவில்லை. பங்குனி வெயிலில் மேற்பலகைகள் இரண்டுக்கும் இடையே ஒரு நாணயம் நுழையும் அளவு பிளவு விட்டது. மரம் நீளவாட்டில் அவ்வளவாக அசையாது. அகலவாட்டில்தான் மாரியில் பெருக்கும், கோடையில் சுருங்கும். மேற்பலகையைச் சட்டத்தோடு அசையவிடாமல் இறுக்கினால் அது எங்காவது பிளக்கவே செய்யும். தச்சர் வந்து, சட்டத்திலிருந்த வட்டத் துளைகளை நீள்துளைகளாக்கி, பலகைகளை மறுபடி ஒட்டிப் பூட்டினார். ஒரு நாள் கூலியோடு முடிந்தது. மெலமைனில் இந்தத் தொல்லை இல்லை. அதன் எதிரி தண்ணீர். ஒரு கார்த்திகை மழையில் யன்னலால் அடித்த தூவானம் தேங்கி அதன் கீழ் விளிம்பு பொங்கியது. வேம்பின் பிளவை அடைத்ததுபோல் அதை எவராலும் அடைக்க முடியவில்லை.

மின்சாரம் இரண்டு மேசைக்கும் பொதுவான விடயம். 230 வோல்ற்றில் 13 அம்பியர் சொக்கெட் ஒன்று ஏறத்தாழ 3000 வாற் தாங்கும். என் கணினி, பிளேஸ்டேஷன், மொனிட்டர் இரண்டு எல்லாம் சேர்ந்தும் 800 வாற்றைத் தாண்டுவதில்லை. ஆகவே சுமையைவிட, பழைய வட்டமுனைச் சொக்கெட்டில் இளகி நிற்கும் மாற்றுமுனைதான் (அடப்டர்) கவனிக்க வேண்டியது. இளகிய இடம் சூடேறும். மூடிய மேசையில் அது கதவுக்குப் பின்னால் இருந்தது, திறந்த மேசையில் கைக்கு எட்டும் சட்டத்தில் திருகப்பட்டிருக்கிறது. மின்சாரம் நின்றால் பற்றரியால் கணினியை ஓடவைக்கும் யூ.பி.எஸ். பெட்டியையும் அடித்தட்டில் காற்றுப்படும் இடத்திலேயே வைத்திருக்கிறேன். பற்றரியின் ஆயுளைச் சூடு குறைக்கும்.

இதுவரை சொன்னது செம்மண் ஊரின் அனுபவம். கடலோரத்தில் கதை வேறாக இருக்கலாம். குருநகரில் உள்ள நண்பனின் மேசையில் லாச்சியின் இரும்புத் தண்டவாளங்கள் உப்புக்காற்றில் துருவேறி இறுகிவிட்டன. அங்கே திறந்த மேசையால் இயந்திரத்துக்குள்ளும் உப்புக்காற்று கூடுதலாகப் போகுமா என்று அவன் கேட்டபோது என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. லாச்சிக்குத் துருப்பிடிக்காத உருக்குத் தண்டவாளம் போடு என்று மட்டும் சொன்னேன். மறுவிற்பனையிலும் என் அனுபவம் குறைவு. பழைய மெலமைன் மேசையை விற்கலாமா என்று விசாரித்தபோது, பொங்கிய விளிம்பைப் பார்த்தவர்கள் விலையே கேட்கவில்லை. வேப்ப மேசையை விற்கப் பார்த்ததில்லை.

முதலாவது மேசை இப்போது தங்கச்சியின் அறையில் இருக்கிறது. கதவுகளையும் பின்பலகையையும் கழற்றிவிட்டோம். மடிக்கணினியும் குறிப்புப் புத்தகங்களும் வைப்பதற்கு அது குறையில்லாத மேசை. அவளுக்கு வேறு மேசை செய்விக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. செலவைக் கருதி மெலமைனிலேயே செய்விக்கப் போகிறவர்கள், பலகையை 18 மி.மீ ஆக்கி, பின்பலகைக்குப் பதிலாக இரும்புச் சதுரக் குழாயில் ஒரு சட்டம் ஒட்டுவித்துப் பார்க்கலாம். நான் செய்து பார்க்காதது. ஆனால் மூன்றாவது மேசை ஒன்று வேண்டியிருந்தால் நான் அதைத்தான் செய்விப்பேன்.