எம்பிஏ-வா, லீடர்ஷிப் மாஸ்டர்ஸா? நான் ரெண்டாவதை எடுத்த கதை

போன மாசம் சித்தி பொண்ணு ஊர்ல இருந்து போன் பண்ணா. "அக்கா, நீங்க அமெரிக்கால படிச்ச அந்த லீடர்ஷிப் மாஸ்டர்ஸ் எனக்கும் செட் ஆகுமா, இல்ல எல்லாரும் சொல்ற மாதிரி எம்பிஏ-வே போயிடவா"ன்னு கேட்டா. அவகிட்ட ஒரு மணி நேரம் பேசினதத்தான் இங்க கொட்டுறேன். முதல்லயே சொல்லிடறேன், நான் லீடர்ஷிப் பக்கம் சாஞ்ச ஆளு, அதனால அதுக்குத்தான் இதுல இடம் அதிகம், அதுக்கேத்த மாதிரி கொஞ்சம் கழிச்சுக்கிட்டு படிங்க.

என் நிலைமை இதுதான். வீட்டுக்காரரோட ஹெச்1பி வேலை விசாவை ஒட்டி கிடைக்கற ஹெச்4 விசால ஒஹையோ வந்தேன், வீட்டுக்காரருக்கு கிரீன் கார்டு முதல் படி அப்ரூவ் ஆனதும் எனக்கு ஈஏடி, அதாவது வேலை செய்யற அனுமதி கிடைச்சது (ஹெச்4 ஆளுங்களுக்கு அந்த வழி தொறந்ததே 2015ல தான்), ஒரு ஹாஸ்பிடல் நிறுவனத்துல பில்லிங் செக்ஷன்ல சேர்ந்தேன். இன்சூரன்ஸ்காரன் பணம் தர மாட்டேன்னு திருப்பி அனுப்புற க்ளெய்ம் எல்லாத்தையும் தோண்டி எடுத்து மறுபடி அனுப்புற டீம். அஞ்சு வருஷத்துல டீம் லீட், கீழ ஒம்பது பேர். அதுக்கு மேல மேனேஜர் போஸ்ட் எது வந்தாலும் அதுல "மாஸ்டர்ஸ் இருந்தா நல்லது"ன்னு ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்காகத்தான் படிக்கப் போனேன், இதுல பெரிய லட்சியம்லாம் ஒண்ணும் இல்ல.

வீட்டுக்காரர் "பண்றதுன்னா எம்பிஏ பண்ணு, ஊர்ல சொன்னாலாவது புரியும்"னாரு. மாமியார் இன்னும் ஒரு படி மேல போய் "லீடர்ஷிப்னு ஒரு படிப்பா? கவுன்சிலர் எலக்ஷன்ல நிக்கப் போறியா"ன்னு கேட்டாங்க. அவங்கள குத்தம் சொல்ல முடியாது, நம்ம ஊர்ல தலைவர்னா போஸ்டர்ல இருக்கறவருதானே.

சரி, உள்ள என்ன சொல்லிக் குடுக்கறாங்க? எம்பிஏ பத்தி எல்லாருக்கும் தெரியும், அக்கவுன்டிங், ஃபைனான்ஸ், மார்க்கெட்டிங், ஆபரேஷன்ஸ், புள்ளியியல் எல்லாத்துலயும் ஒரு கரண்டி. லீடர்ஷிப்ல ஃபைனான்ஸ் ஒரு பேப்பர் இருந்தா பெருசு, மீதி எல்லாம் மனுஷங்கள பத்திதான். குழு எப்படி உடையுது, மாற்றம்னு சொன்னாலே ஆளுங்க ஏன் முறைக்கறாங்க, அதிகாரம் வேற தலைமை வேறங்கறது, நெறிமுறை, கொஞ்சம் ஆராய்ச்சி முறை. 1978ல ஜேம்ஸ் மெக்ரெகர் பர்ன்ஸ்னு ஒரு அரசியல் அறிஞர் பிரிச்சுக் காட்டினாரு, "நீ இதை செய், நான் அதை தரேன்"னு கொடுக்கல் வாங்கல்ல ஓடுற தலைமை ஒண்ணு, ஆளையே மாத்தி மேல தூக்குற தலைமை இன்னொண்ணுன்னு. முதல் செமஸ்டர் பூரா இதையே சுத்தி சுத்தி வருவாங்க. ராபர்ட் கிரீன்லீஃப்னு இன்னொருத்தர், ஏடி அண்ட் டி கம்பெனில பல வருஷம் குப்பை கொட்டிட்டு ரிட்டயர் ஆனப்புறம் 1970ல "முதல்ல சேவகன், அப்புறம்தான் தலைவன்"னு எழுதினவரு. முதல் தடவ படிக்கும்போது கோயில் பிரசங்கம் மாதிரி இருந்துச்சு, ஆனா திங்கக்கிழமை டீம் மீட்டிங்ல உக்காந்தப்ப நான் பாதி நேரம் நானே பேசிட்டு இருக்கேன்னு உறைச்சது. அது எம்பிஏ-ல நடக்காதான்னு கேட்டா, நடக்கலாம், நான் அங்க உக்காந்ததில்ல.

ஜிமேட் நுழைவுத் தேர்வு எழுதணுமா, ஆன்லைனா நேர்லயா, இதெல்லாம் பெரிய வித்தியாசம் இல்ல, ரெண்டு பக்கமும் இப்ப ஜிமேட் கேக்காத இடம் நிறைய இருக்கு, ரெண்டும் ஆன்லைன்ல கிடைக்குது. ஒண்ணு மட்டும் கவனிங்க, லீடர்ஷிப் டிகிரி நிறைய இடத்துல பிசினஸ் ஸ்கூலுக்குள்ள இருக்காது, கல்வியியல் துறை, கலைப் பிரிவு, இல்ல தொடர்கல்விப் பிரிவு இப்படி எங்கயாவது இருக்கும். அதனால பிசினஸ் ஸ்கூலுக்கு பாக்குற ஏஏசிஎஸ்பி-ங்கற அங்கீகார முத்திரை இதுக்கு இருக்காது, பதறாதீங்க. பல்கலைக்கழகத்துக்கே முழு அங்கீகாரம் இருக்கான்னு பாருங்க, எங்க ஒஹையோ பக்கம்னா ஹையர் லேர்னிங் கமிஷன் தர்றது, அது போதும்.

இப்ப நான் முடிவு பண்ணின விஷயத்துக்கு வரேன். காசு. ஆனா மொத்த ஃபீஸ் எவ்வளவுங்கறது இல்ல, அதை கம்பெனி எந்த வருஷக் கணக்குல எவ்வளவு திருப்பித் தருதுங்கறதுதான்.

அமெரிக்கால வரிச் சட்டத்துல 127னு ஒரு பிரிவு இருக்கு, கம்பெனி உங்க படிப்புக்கு ஒரு காலண்டர் வருஷத்துக்கு 5,250 டாலர் வரைக்கும் குடுத்தா அதுக்கு உங்களுக்கு வரி கிடையாது, அதுக்கு மேல குடுத்தா அது சம்பளம் மாதிரி கணக்காகி வரி புடிச்சுடுவாங்க. எண்பதுகள்ல வச்ச எண் அது, நான் படிச்சு முடிக்கற வரைக்கும் அதே 5,250 தான். அதனால நிறைய கம்பெனிங்க சரியா அந்த 5,250லயே நிறுத்திக்கும், எங்களுதும் அப்படித்தான். நீங்க முதல்ல கைக்காசு கட்டணும், பி கிரேடோ அதுக்கு மேலயோ வாங்கணும், மார்க் ஷீட்டும் ரசீதும் ஹெச்ஆர்ல குடுத்தா அப்புறம் பணம் வரும். முடிச்சு ஒரு வருஷத்துக்குள்ள வேலைய விட்டா திருப்பிக் கட்டணும்.

நான் சேர்ந்த புரோகிராம் 33 கிரெடிட், 11 பேப்பர். கிரெடிட்டுக்கு 450 டாலர், பேப்பருக்கு 1,350. மொத்தம் 14,850. பக்கத்துல நேர்ல போய் படிக்கற பார்ட் டைம் எம்பிஏ 48 கிரெடிட், கிரெடிட்டுக்கு கிட்டத்தட்ட ஆயிரம், அப்ப 48,000. கம்பெனி நாலு காலண்டர் வருஷம் முழுசா குடுத்தாலும் 21,000 தான், மீதி 27,000 என் தலைல. அந்தக் காசு இருந்தா ஊர்ல ஒரு மனை வாங்கலாம்னு அம்மா சொன்னாங்க, அவங்க எல்லாத்தையும் மனைலதான் அளப்பாங்க.

லீடர்ஷிப் படிப்போட கணக்கு எப்படி விழுந்துச்சுன்னு பாருங்க. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சேன், எட்டு எட்டு வாரமா பேப்பர் ஓடும். அக்டோபர்ல முதல் ரெண்டு பேப்பர் முடிஞ்சு நவம்பர்ல 2,700 வந்துச்சு. மூணாவது பேப்பர் டிசம்பர் நடுவுல முடிஞ்சு, கிரேடு ஏறி, நான் ரசீது குடுக்கறதுக்குள்ள கிறிஸ்துமஸ் லீவு, பணம் ஜனவரி சம்பளத்தோட வந்துச்சு. அப்ப அது 2022 கணக்குல போயிடுச்சு. எனக்கு ஒரே கோவம், 2021ல இன்னும் 2,550 டாலர் இடம் காலியா கெடக்கு, அதை விட்டுட்டு அடுத்த வருஷ இடத்த தின்னுடுச்சேன்னு. அன்னிக்கு ராத்திரி எக்செல்ல போட்டு பாத்தாதான் புரிஞ்சுது, நஷ்டமே இல்ல, ஏன்னா ஒவ்வொரு வருஷமும் கடைசி பேப்பர அதே மாதிரி ஜனவரிக்கு தள்ளிக்கிட்டே போகலாம். 2022ல நாலு பேப்பருக்கு 5,400 ஆச்சு, 5,250 வந்துச்சு. 2023லயும் அப்படியே. 2023 டிசம்பர்ல பதினோராவது பேப்பரோட பட்டம் முடிஞ்சுது, அதுக்கான 1,350 வந்தது 2024 ஜனவரில. ரெண்டு வருஷம் நாலு மாசப் படிப்பு, ஆனா கணக்குல நாலு காலண்டர் வருஷம். கம்பெனி குடுத்தது 14,550, படிப்பு ஃபீஸ்ல என் கைய விட்டு போனது 300 டாலர். புத்தகம், டெக்னாலஜி ஃபீஸ்னு ஒரு எண்ணூறு தனி.

இதுல புத்திசாலித்தனம்னு ஒண்ணும் இல்ல, ஆகஸ்ட்ல சேர்ந்தது ஒரு அதிர்ஷ்டம், அவ்வளவுதான். ஜனவரில சேர்ந்து ரெண்டே வருஷத்துல அவசரமா முடிச்சிருந்தா மூணு காலண்டர் வருஷத்துக்குள்ள அடைச்சிருக்கணும், அப்பவும் சமாளிக்கலாம், ஆனா பேப்பர் எது எப்ப முடியுதுன்னு ரொம்ப கவனமா இருக்கணும். ரசீது குடுத்த தேதியா, பணம் கைக்கு வந்த தேதியா, எது கணக்குன்னு உங்க ஹெச்ஆர்கிட்ட சேர்றதுக்கு முன்னாடியே ஒரு ஈமெயில்ல கேட்டு வச்சுக்கோங்க. வாய்ல கேட்டா ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்லுவாங்க, எனக்கே மூணு பேர் மூணு மாதிரி சொன்னாங்க.

நியாயமா ஒண்ணு சொல்லணும், மலிவான எம்பிஏ-வும் இருக்கு. இலினாய் பல்கலைக்கழகம் 2016ல ஆன்லைன் எம்பிஏ ஆரம்பிச்சப்ப மொத்தமே 22,000 டாலர் பக்கத்துலதான் வச்சாங்க. அப்படி ஒண்ணு எடுத்து நாலஞ்சு காலண்டர் வருஷத்துல பரப்பிப் படிச்சா என் கணக்கு அவ்வளவு பலமா நிக்காது. நான் அதை எடுக்காததுக்கு காரணம், கால்குலஸ் தொட்டு பதினஞ்சு வருஷம் ஆச்சு, வீட்ல ரெண்டாங்கிளாஸ் படிக்கற வாண்டு, அதுக்கு நடுவுல ஃபைனான்ஸோட மல்லுக்கட்ட தெம்பு இல்ல. சோம்பேறித்தனம்னாலும் சரி.

பலன் என்னன்னா, 2024ல மேனேஜர் போஸ்ட் வந்துச்சு, கிடைச்சுது. இன்டர்வியூல என்ன மாஸ்டர்ஸ்னு ஒருத்தரும் கேக்கல, அப்ளிகேஷன்ல அந்தக் கட்டத்துல டிக் விழுந்துச்சா, அதான் அவங்களுக்கு தேவை. அவங்க கேட்டதெல்லாம் டீம்ல புதுசா சேர்றவங்க ஆறு மாசத்துல ஓடிப்போறத எப்படி கொறச்சீங்கன்னுதான், என் கடைசி புராஜெக்டே அதுதான், பதில் ரெடியா இருந்துச்சு. ஆனா இது உள்ளயே ஏறினதால. வெளில போய் கன்சல்டிங்கோ பேங்க்கோ புராடக்ட் மேனேஜ்மென்ட்டோ தேடினா ரெக்ரூட்டருக்கு எம்பிஏ-ங்கற மூணெழுத்து ஒரு நொடில புரியும், என் டிகிரிய நான் ரெண்டு வரி விளக்கணும். அந்த விஷயத்துல வீட்டுக்காரர் சொன்னது சரிதான், அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.

இளங்கலைலயே லீடர்ஷிப் எடுக்கலாமான்னு பக்கத்து வீட்டு பையனோட அம்மா கேட்டாங்க. வர்ஜீனியால ரிச்மண்ட் பல்கலைக்கழகத்துல ஜெப்சன் ஸ்கூல்னு 1992லயே இதுக்குன்னு தனி ஸ்கூல் தொறந்தாங்க, அங்க அது மேனேஜ்மென்ட் படிப்பு கிடையாது, வரலாறு, தத்துவம், உளவியல் எல்லாத்தையும் தலைமைங்கற கண்ணாடி போட்டு படிக்கறது. அந்த மாதிரி இடம் கிடைச்சு பையனுக்கும் வாசிப்பு பிடிக்கும்னா நல்லதுதான். மத்தபடி பதினெட்டு வயசுல யாரையும் நடத்தினதே இல்லாம தலைமை பத்தி மேஜர் பண்றத விட, நர்சிங்கோ அக்கவுன்டிங்கோ மேஜரா வச்சுட்டு இதை மைனரா எடுக்கறது எனக்கு சரியா படுது. ஏற்கெனவே வேலைல இருந்துட்டு பாதில விட்ட டிகிரிய முடிக்கறவங்க கதை வேற. ஸ்டார்பக்ஸ் ஆளுங்களுக்கு 2014ல இருந்து அரிசோனா ஸ்டேட்ல ஆன்லைன் இளங்கலைக்கு கம்பெனியே ஃபீஸ் கட்டுது, அங்க ஆர்கனைசேஷனல் லீடர்ஷிப்பும் ஒரு மேஜர், அந்த இடத்துல அது கச்சிதமா பொருந்தும்.

பிஹெச்டி, எட்.டி. (கல்வியியல் டாக்டரேட்) பக்கம் நான் போனதில்ல. எங்க கிளாஸ்ல இருந்து ஒருத்தங்க போயிருக்காங்க, ஸ்கூல் பிரின்சிபல், அவங்களுக்கு சம்பள கிரேடு ஏறும். எனக்கு அப்படி ஏறாது.

சித்தி பொண்ணுக்கு வரேன். அவகிட்ட நான் எடுத்தத எடுக்காதன்னுதான் சொன்னேன். அவ வரப்போறது எஃப்1 ஸ்டூடன்ட் விசால, அதுல ஒரு செமஸ்டருக்கு ஒரு ஆன்லைன் பேப்பர்தான் கணக்குல எடுத்துப்பாங்க, என் புரோகிராமோ முழுசும் ஆன்லைன். நேர்ல நடக்கற லீடர்ஷிப் மாஸ்டர்ஸ் கிடைச்சாலும் படிப்பு முடிஞ்சு வேலை செய்ய ஓபிடின்னு தர்ற அனுமதி 12 மாசம்தான். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியல்ல இருக்கற படிப்புன்னா இன்னும் 24 மாசம் சேரும், அதுக்குள்ள ஹெச்1பிக்கு ரெண்டு மூணு தடவ முயற்சி பண்ணலாம். ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு கோடு நம்பர் இருக்கு, ஆர்கனைசேஷனல் லீடர்ஷிப்போடது 52.0213, அது அந்தப் பட்டியல்ல இல்ல. சில எம்பிஏ புரோகிராம் மேனேஜ்மென்ட் சயின்ஸ் கோடு 52.1301ல பதிவு பண்ணியிருப்பாங்க, அது இருக்கு. அதனால எம்பிஏ-ன்னாலே போதும்னு இல்ல, எந்த கோடுன்னு கேக்கணும். கம்பெனி ஃபீஸ் குடுக்கற கணக்கெல்லாம் அவளுக்கு பொருந்தவே பொருந்தாது, குடுக்க இன்னும் கம்பெனியே இல்லையே.

அவ மூணு யுனிவர்சிட்டிக்கு மெயில் போட்டிருக்கா, ஐ-20ல (எஃப்1 விசாவுக்கு யுனிவர்சிட்டி தர்ற ஃபார்ம்) என்ன கோடு போடுவீங்கன்னு. ரெண்டுல பதில் வந்துச்சாம், ஒண்ணு 52.0201, சாதா பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன், இன்னொண்ணு 52.1301. மூணாவதுக்கு காத்துக்கிட்டு இருக்கா.