டக்... டக்... ரிச்சி தெரு மாடிக் கடையில் ஒரு மதியம்

பழைய டெஸ்க்டாப்பில் இரண்டு வாரமாக 'டக், டக்' சத்தம். ஃபேனில் தூசி என்று நினைத்து ஊதிப் பார்த்தேன், நிற்கவில்லை. சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். படிக்கட்டில் ஒரு ஆள்தான் ஏற முடியும். சிபியுவோடு ஏறியது தனிக் கதை.

கடைக்காரர் முதலில் ஃபேன் வயரைச் சில நொடி கழற்றிவிட்டுக் கேட்டார். சத்தம் அப்படியே இருந்தது. "ஹார்டு டிஸ்க்கைத் தொட்டுப் பாருங்க சார், உள்ளே தட்டுது" என்றார். பவர் கேபிளையும் மாற்றினார். கரண்டு சரியாக வராவிட்டாலும் இப்படித் தட்டுமாம். அப்புறம் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்தார். மஞ்சள் எச்சரிக்கை. அதில் சி5 என்ற வரியில், படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்கள் (டிஸ்க்கில் தகவல் பதியும் சிறு பகுதிகள்) இருந்தன. டிஸ்க்கைப் படிக்கும் முனையான ஹெட் தடுமாறி, திரும்பத் திரும்பப் பின்வாங்கி வருவதுதான் அந்த 'டக்'.

டிஸ்க் பிழைகளைச் சரிபார்க்கும் விண்டோஸ் கருவியான செக் டிஸ்க்கை ஓட்டலாமா என்றேன். "வேண்டாம் சார், முதல்ல காப்பி எடுத்துடலாம்." எனக்குப் பிடித்ததே இந்தப் பதில்தான். இரண்டு ஃபோல்டர் போக மீதி போட்டோக்கள் வந்துவிட்டன. கூலி 800 ரூபாய், நியாயம்தான். பில்லைத்தான் மூன்று முறை கேட்டு வாங்கினேன்.