70 எம்.எம். தொலைநோக்கி: தங்கச்சிமடம் மொட்டைமாடியில் ஆறு மாதம்

பெட்டியின் மேல் '525 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. நம்பாதீர்கள். 70 எம்.எம். லென்ஸில் 140 மடங்கைத் தாண்டினாலே எல்லாம் கஞ்சித்தண்ணி மாதிரிக் கலங்கித்தான் தெரியும். 28 மடங்கும் 70 மடங்கும் தரும் இரண்டு கண்வில்லைகள் கூடவே வருகின்றன, அவை போதும். பகலில் ஃபைண்டரை, அதாவது குறிபார்க்க மேலே பொருத்தியிருக்கும் சின்னக் குழாயைச் சரிசெய்ய ராமேஸ்வரம் டிவி டவரைக் குறியாக வைத்துக்கொண்டேன், 323 மீட்டர் உயரம், இதைவிட வசதியான குறி எந்த ஊரில் கிடைக்கும்? ஸ்டாண்டுதான் மோசம், வெறும் குச்சிக்கால். வாடைக்காற்றில் நிலாவே நடுங்கியது, பையில் இரண்டு செங்கல்லைப் போட்டு நடுவில் தொங்கவிட்ட பிறகுதான் நின்றது. லென்ஸில் உப்புப் படியும், துண்டால் துடைத்துக் கீறிவிடாதீர்கள்.

சரி, இதை வாங்கியதே மாமாவுக்காகத்தான், அதாவது அவரை மடக்க.

மாமா முப்பது வருஷமாக விசைப்படகு ஓட்டுகிறவர். ஒரு விடியற்காலை கரை திரும்பும்போது, இருபது விளக்கைக் கோர்த்து இழுத்த மாதிரி வரிசையாக ஏதோ சத்தமே இல்லாமல் போனதைப் பார்த்திருக்கிறார். இன்டர்நெட்டுக்காக விடும் ஸ்டார்லிங்க் சாட்டிலைட்டாகத்தான் இருக்கும். 2019 மே மாதத்திலிருந்து கூட்டம் கூட்டமாக ஏவுகிறார்கள், ஏவிய சில நாள் வரை ஒன்றன்பின் ஒன்றாகப் போகும், கீழே நமக்கு இருட்டு, மேலே அவற்றுக்கு வெயில், அதனால் பளிச்சென்று தெரியும். மாமா டீக்கடையில் சொன்னது 'வரிசையா விளக்கு' என்று மட்டும்தான். அங்கே யாரோ 'பறக்கும் தட்டா?' என்று கேட்க, அன்றிலிருந்து அவர் பேரே 'தட்டு'. பொங்கலுக்குள் மாமாவின் கதையிலேயே அந்த வரிசை வட்டமாகிவிட்டது!

இது புதுசும் இல்லை. 1947 ஜூன் 24 அன்று அமெரிக்காவில் கென்னத் ஆர்னால்ட் என்ற விமானி ஒன்பது பொருள்களைப் பார்த்ததாகச் சொன்னார். தண்ணீர் மேல் தட்டை வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அப்படிப் பறந்தன என்றார். பத்திரிகைகள் அதைப் 'பறக்கும் தட்டு' ஆக்கின, அப்புறம் வானத்தைப் பார்த்த பலருக்கும் தட்டுதான் தெரிந்தது.

முதல் நாள் அதிகாலை வெள்ளியைக் காட்டி, "இதைத்தானே பாத்தீங்க?" என்று ஆரம்பித்தேன். பெரிய தப்பு. "எனக்கு விடிவெள்ளி தெரியாதா மாப்ள?" என்றார். உச்சிப்புளி கடற்படைத் தளத்திலிருந்து வரும் விமானத்தை விளக்கை வைத்தே சொல்லிவிடுகிற ஆள், கோபம் வராதா? ஆனாலும் குனிந்து பார்த்தார். வெள்ளி அன்று சின்னப் பிறையாகத் தெரிந்தது. ரொம்ப நேரம் நிமிரவே இல்லை. "இத்தன வருசமா பாக்குறேன். இது பிறைன்னு எவனாச்சும் சொல்லியிருந்தா நானே சிரிச்சிருப்பேன்" என்றார். என்னிடம் பதில் இல்லை.

டீக்கடையில் அந்தச் சிரிப்பு மட்டும் இல்லையென்றால் பத்து நாளில் மறந்திருப்பார். இப்போது சாட்டிலைட் என்று ஒப்புக்கொண்டால் சிரித்தவர்கள் ஜெயித்ததாகிவிடும், மானப் பிரச்சினை. அமெரிக்க விமானப்படை 1969 வரை 12,618 'பறக்கும் தட்டு' புகார்களை ஆராய்ந்து 701-ஐ அடையாளம் காண முடியாமல் விட்டதாம், யூடியூபில் கேட்ட அந்த 701 அவருக்கு மனப்பாடம். மீதி 11,917 என்ன ஆச்சு என்று கேட்டால் டீயை ஆற்ற ஆரம்பித்துவிடுவார்.

ஒன்று சொல்லியாக வேண்டும். மாமா பார்த்த மாதிரி ஓடுகிற விளக்குகளுக்கு இந்தத் தொலைநோக்கி ஆகாது, இதன் குறுகலான வட்டத்துக்குள் அவை சிக்காது, பைனாகுலர்தான் சரி. நிலா, வியாழனின் நாலு துணைக்கோள், சனியின் வளையம் என்றால் ஆறாயிரத்துச் சொச்சத்துக்குத் தாராளம். ஐந்துக்கு மூன்றரை, ஸ்டாண்டு கொஞ்சம் உருப்படியாக இருந்திருந்தால் நாலு.

போன வாரம் டீக்கடைக்காரரும் மாடி ஏறி வந்தார். மாமா அவரை அரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டு, "என்ன, தட்டு பாக்க வந்தியா?" என்று கேட்டுக்கொண்டே சனியைக் காட்டினார்.