அல்ட்ராசவுண்டா, எம்.ஆர்.ஐ.யா: தோள்வலியோடு ஒரு தீர்ப்பு

மதுரையில் ரேடியாலஜி பட்டம் முடித்து, லண்டனில் எக்ஸ்ரே பிரிவில் மூன்று ஆண்டுகள் ஓட்டிய பிறகு, அடுத்து எதில் தேர்ச்சி பெறுவது என்ற கேள்வி வந்தது. என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் காந்தத்தால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. பக்கம் போனார்கள். நான் ஒலியலையால் படமெடுக்கும் அல்ட்ராசவுண்டுக்குப் போனேன். ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டிலும் எக்ஸ்ரே கதிர்வீச்சு கிடையாது. இரண்டுக்கும் ஆள் தட்டுப்பாடு. எம்.ஆர்.ஐ.யை வேலையோடு வேலையாகப் பழகிக்கொள்ளலாம். அல்ட்ராசவுண்டுக்குத் தனியே முதுநிலைப் படிப்பு வேண்டும். அதை முடித்தால் பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் சம்பளப் படிநிலை பெரும்பாலும் பேண்ட் 7, எம்.ஆர்.ஐ.யில் பலர் 6-இலேயே நிற்கிறார்கள்.

ஆனால் என்னை இழுத்தது சம்பளம் அல்ல, ரிப்போர்ட். பித்தப்பைக்குள் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிகிறது. கல்லா, பாலிப்பா (சுவரில் முளைத்த சதையா)? "இடப்பக்கம் திரும்பிப் படுங்கள்" என்கிறேன். புள்ளி உருண்டு கீழே இறங்குகிறது. அதன் பின்னால் கறுப்பாக நிழல் விழுகிறது. கல்தான். நகராவிட்டாலும் உடனே பாலிப் என்று எழுதிவிட முடியாது, பித்தப்பையின் கழுத்தில் சிக்கிய கல்லும் அசையாது. புரோபை, அதாவது உடலில் வைத்து அழுத்தும் கைக்கருவியை, சாய்த்து நிழலைத் தேட வேண்டும். தேடுவதும் நான், முடிவுசெய்வதும் நான், ரிப்போர்ட்டின் அடியில் இருப்பதும் என் பெயர். எம்.ஆர்.ஐ.யில் படம், அதைப் படித்து ரிப்போர்ட் எழுதும் மருத்துவரான ரேடியாலஜிஸ்ட்டுக்குப் போய்விடும். எடுத்தவர் அடுத்த நோயாளியிடம் உலோகம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பார். (இதய எம்.ஆர்.ஐ. எடுக்கும் நண்பர்கள் இதைப் படித்தால் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், அந்த அறையில் என் அனுபவம் ஆறு வாரப் பயிற்சிதான்.)

புதிய தொழில்நுட்பமும் இந்த இடத்தில்தான் கணக்கை மாற்றுகிறது. இப்போதைய எம்.ஆர்.ஐ. மென்பொருள் மூளைக்கும் முழங்காலுக்கும் எந்தக் கோணத்தில் படம் எடுப்பது என்பதைத் தானே குறித்துவிடுகிறது. குறைந்த தரவிலிருந்தே தெளிவான படத்தைக் கட்டியெழுப்புகிறது. அல்ட்ராசவுண்டையும் அது விட்டுவைக்கவில்லை. இதயத்தைப் பார்க்கப் புரோபை எப்படித் திருப்ப வேண்டும் என்று வழிகாட்டும் மென்பொருளுக்கு 2020-இலேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் குடல்வாயு கணையத்தை மறைக்கும்போது எங்கே அழுத்துவது, எப்போது தண்ணீர் குடிக்கச் சொல்வது என்பதெல்லாம் இன்னும் கைப்பழக்கம்தான். பத்து ஆண்டு கழித்தும் இதையே சொல்வேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

அந்தக் கைக்கு விலை உண்டு. நாள் முழுவதும் கையை விலக்கி நீட்டி அழுத்தியபடியே வேலை; மாலையில் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க எனக்கு இடது கைதான். தோள்வலி இல்லாத சோனோகிராபரை, அதாவது அல்ட்ராசவுண்ட் எடுப்பவரை, நான் அதிகம் பார்த்ததில்லை.

இன்னொன்று, ஊர். இந்தியாவில் கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்பவர் உரிய தகுதி பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும். நான் திரும்பிப் போனால் இந்தப் படிப்பைச் சுருட்டிப் பெட்டியில் வைக்க வேண்டியதுதான். எம்.ஆர்.ஐ. கற்றவருக்கு மதுரையிலேயே வேலை இருக்கிறது.

போன மாதம் சித்தி மகள் இதே கேள்வியோடு போன் செய்தாள். ஊர் திரும்பும் எண்ணம் உண்டா என்று கேட்டேன். "அம்மா தனியாக இருக்கிறாளே, அக்கா" என்றாள். எம்.ஆர்.ஐ.க்கு விண்ணப்பிக்கச் சொன்னேன்.