மைனிக்கு விண்டோஸா, லினக்ஸ் மிண்டா?

குமரி மாவட்டம் குலசேகரத்தில் அண்ணன் வீட்டு ரப்பர் ஷீட், ஒட்டுப்பால் (கழிவு ரப்பர்) கணக்குகளை மைனிதான் (அண்ணி) இத்தனை ஆண்டுகளும் நோட்டில் எழுதி வந்தார். அதைக் கணினிக்கு மாற்ற வேண்டும் என்று அவர் விரும்பியபோது, மவுஸ் பிடிப்பதிலிருந்து சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அண்ணன் மகனின் புதிய மடிக்கணினியில் விண்டோஸ் 11 இருந்தது. அதில் இரண்டு வாரம் பழக்கினேன். பிறகு, வீட்டில் 2016-இல் வாங்கிய 4 ஜிபி ரேம் மடிக்கணினியில் லினக்ஸ் மிண்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை (பழைய கணினிக்கும் ஏற்ற இலகுவான திரைமுகப்பு கொண்டது) நிறுவி, ஐந்து மாதமாக அதிலேயே பழக்கி வருகிறேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

அடிப்படைகள் இரண்டிலும் ஒன்றுதான். சாளரத்தைச் சுருக்குவது, பெரிதாக்குவது, மூடுவது எல்லாம் வலது மேல்மூலையில்; வலது கிளிக் செய்தால் பட்டியல் விரியும்; நகலெடுக்க கன்ட்ரோல்-சி, ஒட்ட கன்ட்ரோல்-வி. மைனிக்கு உண்மையான இடைஞ்சல் இரட்டைக் கிளிக்கில்தான் வந்தது. வாட்ஸ்அப்பில் ஒரே தொடுதலில் எல்லாவற்றையும் திறந்து பழகிய விரல், முதல் கிளிக்குக்கும் இரண்டாவதற்கும் இடையில் மவுஸை ஒரு நூலளவு நகர்த்திவிடும். கணினியோ அதை இழுத்துச் செல்வதாக எடுத்துக்கொள்ளும். அப்படி ஒருநாள் ஒட்டுப்பால் கணக்கு இருந்த கோப்புறை பக்கத்துக் கோப்புறைக்குள் போய் விழுந்துவிட, பத்து நிமிடம் தேடினோம். கன்ட்ரோல்-இசட் அழுத்தினால் திரும்பி வந்திருக்கும் என்பது எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது. ஒற்றைக் கிளிக்கில் திறக்கும்படி மாற்றிக்கொள்ளும் வசதி இரண்டிலும் உண்டு என்பதால், இதில் எதற்கும் கூடுதல் மதிப்பெண் தருவதற்கில்லை.

நான் முடிவெடுத்தது வேறொரு காரணத்தால். புதிதாகக் கற்பவர் திரையை வாசிப்பதில்லை. இடத்தை மனப்பாடம் செய்கிறார். சமையலறையில் உப்பு டப்பா இருக்கும் இடத்துக்குக் கை தானாகப் போவது போலத்தான் இதுவும். விண்டோஸ் 95 காலத்திலிருந்து இடது கீழ்மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தான் 2012-இல் விண்டோஸ் 8-இல் காணாமல் போனது, அடுத்த ஆண்டு 8.1-இல் திரும்பி வந்தது, 2021-இல் விண்டோஸ் 11-இல் நடுவுக்கு நகர்ந்தது. நடுவில் இருப்பதுகூடப் பெரிய குறையில்லை. அது ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதுதான் குறை. திரையின் கீழ்ப்பட்டையான டாஸ்க்பாரில் படவுருக்கள் நடுவில் வரிசைப்படுத்தப்படுவதால், புதிய செயலி ஒவ்வொன்றைத் திறக்கும்போதும் வரிசை நீண்டு, ஸ்டார்ட் பொத்தான் சற்றே இடதுபுறம் நகர்கிறது. காலையில் பொத்தானை அழுத்திய அதே இடத்தில் மாலையில் அழுத்தியபோது வேறொன்று திறந்துகொண்டது. "நோட்டுல நேத்து எழுதுன பக்கம் இன்னைக்கு இடம் மாறிக் கெடக்குமா தம்பி?" என்று மைனி கேட்டார். அமைப்புகளில் டாஸ்க்பார் பகுதிக்குப் போய் இடதுபுறமாக மாற்ற ஒரு நிமிடம்தான் ஆகும் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. ஆனால் கணினி மகனுடையது, அவனுக்கு நடுவில் இருப்பதுதான் பிடிக்கும்.

மிண்டில் மெனு பொத்தான் இடது கீழ்மூலையில், பெட்டியின் கோணத்தில் ஆணியடித்தது போல நிற்கிறது. மவுஸை மூலைக்குத் தள்ளினால் போதும், குறிபார்க்க வேண்டியதில்லை. எக்ஸ்எஃப்சிஇ 1996-இல் தொடங்கிய பழைய திட்டம். தோற்றத்தை அடிக்கடி மாற்றும் ஆசை அதைச் செய்பவர்களுக்கு அதிகம் இல்லை. மிண்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்பதால், அதுவரை மைனி கற்ற இடங்கள் மாறாமல் இருக்கும் என்று நம்புகிறேன்.

பராமரிப்பும் இதனோடு சேர்ந்ததே. பழைய கணினியில் விண்டோஸ் 10 இருந்தது. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்ட பிராசசர்களில் ஒன்றும் வேண்டும். எங்கள் 2016 மடிக்கணினியின் பிராசசர் அந்தப் பட்டியலில் இல்லை. அதிலும் பேட்டரி செத்துப்போன மடிக்கணினி அது. இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில், குலசேகரம் போன்ற மலையோர ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. திருத்தம் நிறுவிக்கொண்டிருக்கும் நடுவில் அணைந்தால் வம்பு. மிண்டில் கீழே வலதுபுறம் உள்ள கேடயக் குறி, திருத்தம் வந்திருப்பதைத் தெரிவிக்குமே தவிர, நாம் அழுத்தாமல் எதையும் நிறுவாது. நான் ஊருக்குப் போகும் ஞாயிறுகளில், மழை இல்லாத நேரம் பார்த்து அழுத்திவிடுகிறேன்.

விண்டோஸின் பலம் ஆள்பலம். மார்த்தாண்டத்தில் கடையில் கேட்டாலும், பக்கத்து வீட்டுப் பையனைக் கேட்டாலும் விண்டோஸுக்கு விடை கிடைக்கும். மிண்ட் என்றால் முகத்தைப் பார்ப்பார்கள். (எல்லை ஊரான களியக்காவிளையைத் தாண்டினால் கதை வேறு, கேரள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஐடி@ஸ்கூல் என்ற அரசின் கணினிக் கல்வித் திட்ட காலம் தொட்டே லினக்ஸில்தான் படிக்கிறார்கள்.) டேலி என்ற கணக்கு மென்பொருளைக் கற்க வேண்டியவரும், அலுவலக வேலைக்குப் போகப்போகிறவரும் விண்டோஸிலேயே தொடங்குவது நல்லது, அதில் எனக்கு மறுபேச்சில்லை. நான் கற்றுக்கொடுத்தது ஒரே ஒருவருக்கு, அதுவும் கணக்கு எழுதுவதற்கு மட்டும். ஐந்து மாத அனுபவத்தை வைத்து எல்லா முதியவர்களுக்கும் இதுவே சரி என்று நான் சொல்லமாட்டேன்.

இப்போது மைனி ஷீட்டின் எடையையும் அன்றைய விலையையும் எக்ஸெல் போன்ற லிப்ரேஆபிஸ் கால்க்கில் தானே பதிகிறார். மாதக் கடைசியில் அதை எக்ஸெல் வடிவில் சேமித்து, பென்டிரைவில் போட்டு, சந்திப்பில் உள்ள கடைக்கு அனுப்பி அச்செடுக்கிறார். கடைக்காரரின் விண்டோஸ் கணினியில் அது திறக்கிறது. தமிழ் எழுத்துரு மட்டும் சில சமயம் மாறிவிடுவதால், இந்த மாதம் முதல் பிடிஎஃப் ஆக்கிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.