குன்னூர் மழையில் துணி டயப்பர்: ஐந்து வருடம் கழித்து

துணி டயப்பர் பற்றிச் சமவெளிக்காரர்கள் எழுதியதை எல்லாம் படித்துவிட்டுத்தான் நான் வாங்கினேன். ஏறக்குறைய எல்லாரும் ஒரு வரியைத் தவறாமல் எழுதியிருந்தார்கள்: துவைத்து மொட்டை மாடியில் போட்டால் மூன்று மணி நேரத்தில் காய்ந்துவிடும். எங்கள் வீடு குன்னூரில் இருக்கிறது, 1,850 மீட்டர் உயரம். தகரக் கூரை, மொட்டை மாடி கிடையாது. காலை பத்து மணிக்கு வரும் வெயில் மதியம் இரண்டு மணிக்கு மூடுபனிக்குள் போய்விடும். மழைக்காலமென்றால் அந்த நாலு மணி நேரமும் இல்லை.

மகள் பிறந்தது 2019 ஜூன், மகன் 2022 ஆகஸ்ட். இடையில் எட்டு மாதம் தவிர, 2025 ஜனவரி வரை வீட்டில் யாராவது ஒருவர் டயப்பரில் இருந்தார்கள். மொத்தம் ஐந்து வருடம். ஒரு மாதம் உபயோகித்துவிட்டு எழுதும் அனுபவத்தில் வராத சில விஷயங்கள் அதற்குள் தெரிந்துவிட்டன.

முதலில் வாங்கியது பதினெட்டு பாக்கெட் டயப்பர். வெளியே நீர் கசியாத, பாலியூரித்தேன் பூச்சு போட்ட துணி. உள்ளே மெத்தென்ற ஃப்ளீஸ். இரண்டுக்கும் நடுவில் பை போன்ற இடம். அதற்குள் இன்சர்ட் என்ற உறிஞ்சும் பட்டையைச் செருக வேண்டும். ஒன்று 380 ரூபாய், ஆக 6,840. திருப்பூரிலிருந்து வந்த அத்தை பார்சலைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஏம்மிணி, நாலு பழைய வேட்டியக் கிழிச்சா ஆகற வேலைக்கு இத்தன காசா?" என்றார். அப்போது எனக்குக் கோபம் வந்தது.

துவைப்பதில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. புது இன்சர்ட்டை நாலைந்து முறை துவைத்த பிறகுதான் ஒழுங்காக உறிஞ்சும், அதுவரை கசிந்தால் பதறக் கூடாது. வாசனைக்கு ஊற்றுகிற ஃபேப்ரிக் கண்டிஷனர் பக்கமே போகக் கூடாது. அது நூலின்மேல் மெழுகுபோல் படிந்து உறிஞ்சுவதைக் கெடுத்துவிடும். சோப்பு நிறையப் போட்டால் சுத்தமாகும் என்று நினைத்து நான் போட்டேன். அலசலில் போகாமல் நின்ற சோப்பு மகளுக்குத் தொடையெல்லாம் சிவக்கச் செய்துவிட்டது. பாதியாகக் குறைத்து, கூடுதலாக ஒரு தண்ணீர் அலசியதும் சரியாகிவிட்டது. துவைக்கும் கதை இவ்வளவுதான்.

காயவைப்பதுதான் கதை.

காற்றுக்கு ஈரம் தாங்க ஓர் அளவு உண்டு. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று முப்பது கிராம் நீராவியைப் பிடித்துக்கொள்ளும். 15 டிகிரியில் பதின்மூன்று கிராம்கூடப் பிடிக்காது. எங்கள் ஊர்க் காற்று பெரும்பாலும் அந்தப் பதின்மூன்றையும் பனியாகச் சுமந்துகொண்டுதான் வீட்டுக்குள் வருகிறது. துணியில் இருக்கும் நீர் போக இடமில்லை. கொடியில் மூன்று நாள் தொங்கினாலும் தொட்டால் ஜில்லென்று இருக்கும். காய்ந்துவிட்டதா, இல்லை குளிர்ந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வருடம் ஆனது. கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், கை ஏமாற்றிவிடும்.

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் தென்மேற்குப் பருவத்தில் அத்தனை அடி இல்லை. தொட்டபெட்டா மலைவரிசை மறைத்துக்கொள்கிறது. 2019 ஆகஸ்டில் ஊட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவலாஞ்சியில் ஒரே நாளில் எண்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோதுகூட எங்கள் பக்கம் துணி எப்படியோ காய்ந்தது. எங்களுக்கு வில்லன் அக்டோபரில் தொடங்கும் வடகிழக்கு மழை. அந்த நவம்பரில் மகளுக்கு ஐந்து மாதம். பதினெட்டு டயப்பரும் ஒரே சமயத்தில் ஈரமாகத் தொங்கிய ஒரு செவ்வாய்க்கிழமை நன்றாக நினைவிருக்கிறது. வீடே முடை நாற்றம் அடித்தது.

பக்கத்து வீட்டு அக்கா தோட்டத்தில் இலை பறித்து ஓய்வு பெற்றவர். "கணப்பு போட்டு, மேல கூடையக் கவுத்து, துணியப் பரப்பும்மா. எம் பிள்ளைங்க நாலும் அப்படித்தான் வளந்துச்சு" என்றார். கரி அடுப்பு, மூங்கில் கூடை எல்லாம் அவரே கொடுத்தார். துணி அருமையாகக் காய்ந்தது, இரண்டு மணி நேரத்தில் மொறுமொறுவென்று. நான்காம் நாள் சாயங்காலம் எனக்குத் தலை வெடிப்பதுபோல் வலி, குமட்டல். மகள் வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருந்தாள். வேலையிலிருந்து வந்த கணவர் கதவைத் திறந்ததும் முதலில் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். அக்கா வீட்டுக் கூரையில் விரல் நுழையும் இடைவெளி உண்டு. நாங்களோ குளிருக்குப் பயந்து ஜன்னல் இடுக்கில்கூடத் துணி திணித்திருந்தோம். கரிப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, கண்ணும் எரியாது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி குளிர்காலத்தில் அவ்வப்போது வரும். படித்துவிட்டு, டூரிஸ்ட்டுகளுக்குத் தெரியவில்லை பாவம் என்று சொல்லியிருக்கிறேன். கூடையை மட்டும் வைத்துக்கொண்டு அடுப்பைத் திருப்பிக் கொடுத்தோம். கூடையில் இப்போது வெங்காயம் இருக்கிறது.

அடுத்து ரூம் ஹீட்டர். துணியிலிருந்து கிளம்பிய ஈரம் நேராகப் போய்ச் சுவரில் உட்கார்ந்தது. ஒரே மாதத்தில் பீரோவுக்குப் பின்னால் கறுப்புப் பூசணம். ஹீட்டர் ஈரத்தை இடம் மாற்றுமே தவிர வெளியே அனுப்பாது. ஜன்னலைத் திறந்தால் அனுப்பலாம், ஆனால் அதற்கு ஹீட்டர் எதற்கு?

2020-இல் டீஹியூமிடிஃபையர் என்ற ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்கினோம். பெட்டியில் 'நாளுக்கு 12 லிட்டர்' என்று போட்டிருந்தது. எங்கள் வீட்டில் மூன்று லிட்டரைத் தாண்டியதே இல்லை. ஓட்டை மெஷின் என்று சண்டை போட இருந்தேன். கணவர் கையேட்டைப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது: அந்த 12 லிட்டர் 30 டிகிரி வெப்பத்திலும் 80 சதவீத ஈரப்பதத்திலும் அளந்தது. நம் ஹாலில் 15, 16 டிகிரி. கம்ப்ரஸர் வைத்த மாடல்கள் குளிரில் சுணங்கிவிடும். உள்ளே இருக்கும் சுருளில் பனி கட்டி, அதை உருக்குவதற்காக அடிக்கடி நின்றுவிடும். மலையில் வாங்குகிறவர்கள் டெசிக்கன்ட் வகை, அதாவது ஈரத்தை ஈர்க்கும் பொருள் வைத்தது, என்று கேட்டு வாங்குங்கள். அது குளிரிலும் வேலை செய்யும், கரண்ட் மட்டும் கூடுதலாக இழுக்கும். இருந்தாலும் எங்கள் மெஷினைக் குறை சொல்ல மாட்டேன். ஹாலில் வைத்ததுதான் தப்பு. எட்டடிக்கு ஆறடி ஸ்டோர் ரூமில் கொடி கட்டி, கதவைச் சாத்தி, மெஷினோடு ஒரு டேபிள் ஃபேனும் ஓடவிட்டதும் அதே மெஷின் வேறு மெஷின் ஆகிவிட்டது. இரவு போட்டால் காலையில் எடுக்கலாம்.

மகன் பிறந்த மழைக்காலத்தில் டிரையரும் வந்தது. ஒரு தடவை ஓட்ட இரண்டு யூனிட்டுக்கு மேல். அதுவரை எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 320 யூனிட் வாக்கில் வரும். டிரையர், ஈர மெஷின், குழந்தைக்கு வெந்நீர் கீசர் எல்லாம் சேர்ந்து 500-ஐத் தாண்டிவிட்டது. 500 தாண்டினால் நம் ஊரில் விகிதமே வேறு. அந்த பில்லைப் பார்த்த கணவர் இரண்டு நாள் டீ வேண்டாம் என்றார், டீக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தமோ. பில்லைவிடப் பெரிய நஷ்டம், டிரையர் சூட்டில் மூன்று டயப்பரின் பாலியூரித்தேன் பூச்சு உரிந்து கசியத் தொடங்கியது. இடுப்பு எலாஸ்டிக்கும் தொளதொளத்துப் போனது. எலாஸ்டிக்கை மார்க்கெட் டெய்லர் மாற்றிக் கொடுத்தார், பூச்சுக்கு வைத்தியம் இல்லை. வெளி உறையை டிரையரில் போடவே கூடாது. அது கொடியிலேயே மூன்று நாலு மணி நேரத்தில் காயும், தண்ணீர் குடிக்காத துணி. உள்ளே போகும் பட்டைதான் உயிரை வாங்கும்.

அந்தப் பட்டைகளைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் ஸ்டோர் ரூம் கணக்கு இது, மெஷின் இல்லாமல், மழை நாளில்: மைக்ரோஃபைபர் பட்டை பன்னிரண்டு மணி நேரம். மூங்கில் நூல் என்று விற்கும் நாலு அடுக்குப் பட்டை இரண்டு நாள், சில சமயம் அதற்கு மேல். மூங்கில்தான் அதிகம் உறிஞ்சும் என்பது உண்மை. உறிஞ்சியதை விடாது என்பதும் அதே உண்மை. உறையும் பட்டையும் சேர்த்துத் தைத்த ஆல்-இன்-ஒன் டயப்பர் ஒன்று பரிசாக வந்தது. அதை மலையில் உபயோகிப்பவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் பொறுமையைக் கும்பிடுகிறேன்.

அத்தையின் வேட்டித் துணி ஐந்து மணி நேரம்.

எட்டு முழ வேட்டி ஒன்றில் அறுபது சென்டிமீட்டர் சதுரமாகப் பன்னிரண்டு துண்டு தேறும். துவைத்துத் துவைத்து நைந்த பருத்தி. விரித்துக் காயப்போட்டால் ஒற்றை அடுக்கு, காற்று இரண்டு பக்கமும் படும். மடித்து பாக்கெட்டுக்குள் செருகினால் எட்டு அடுக்கு, இன்சர்ட்டுக்குச் சமமாகத் தாங்கும். அடுக்கைத் தைக்காமல் மடிப்பில் வைத்திருப்பதுதான் சூட்சுமம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடமும் ஒரு குழந்தையும் தேவைப்பட்டது. அத்தையிடம் சொன்னபோது, "அதத்தான கண்ணு அன்னைக்கே சொன்னேன்" என்று மட்டும் சொன்னார். அடுத்த முறை வரும்போது மாமாவின் ஐந்து வேட்டியோடு வந்தார். மாமாவிடம் கேட்டாரா என்று நான் விசாரிக்கவில்லை.

அத்தை வழியாக வந்த இன்னொன்று பழைய செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின். நாங்கள் வைத்திருந்த ஃபுல்லி ஆட்டோமேட்டிக் டாப் லோடு நிமிடத்துக்கு 700 சுற்று வாக்கில்தான் பிழியும். செமி ஆட்டோமேட்டிக்கின் தனித் தொட்டி 1,300 வரை போகும். அதில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்தால் துணி பாதி காய்ந்த மாதிரி வரும். டிரையரில் இரண்டு யூனிட் செலவழித்து விரட்டும் நீரை இது சில்லறைக் காசில் விரட்டிவிடுகிறது. ஐந்து வருடத்தில் செய்த செலவில் எது உருப்படி என்று கேட்டால், காசே கொடுக்காமல் வந்த இந்தத் தொட்டியைத்தான் சொல்வேன்.

கோடையில் வெயில் இருக்குமே என்பீர்கள். மார்ச், ஏப்ரலில் இருக்கிறது. மஞ்சள் கறையை அந்த வெயில் போக்குகிற மாதிரி எந்தப் பவுடரும் போக்காது. ஆனால் ரேலியா அணையில் நீர் இறங்கிவிட்டால் குழாயில் தண்ணீர் வரும் நாள்களுக்கு இடைவெளி கூடிவிடும். தண்ணீர் உள்ளபோது வெயில் இல்லை, வெயில் உள்ளபோது தண்ணீர் இல்லை. ஏப்ரலில் டிரம் நீரைக் கணக்குப் பார்த்துத்தான் துவைப்போம். வெளிக்கொடிக்கு வேறு ஆபத்தும் உண்டு. ஒரு நாள் விடிகாலை காட்டெருமை ஒன்று கொடியைக் கொம்பில் மாட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக்குள் போய்விட்டது. எட்டு டயப்பர், இரண்டு லங்கோடு, என் நைட்டி. ஆறு டயப்பர் செடிகளுக்கு நடுவே கிடைத்தன. நைட்டி கிடைக்கவில்லை.

இரவில் துணி டயப்பர் போட்டோமா? முதல் குழந்தைக்கு வீம்பாகப் போட்டேன். குளிரில் வியர்வையாகப் போவது எதுவும் இல்லை, எல்லாம் மூத்திரமாகத்தான் வருகிறது. நள்ளிரவு இரண்டு மணிக்கு நனைந்த துணி பிள்ளையின் இடுப்பில் ஐஸ் மாதிரி இருக்கும். மகனுக்கு ராத்திரிக்கு ஒன்று கடை டயப்பர்தான். பிளே ஸ்கூலிலும் அதைத்தான் கேட்டார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் நாளுக்கு ஏழெட்டு ஆகியிருக்க வேண்டியது ஒன்றிரண்டில் நின்றது எங்கள் குப்பைக் கூடையில் தெரிந்தது. மலையில் அந்தக் குப்பை எங்கே போகிறது என்பது கண் முன்னால் நடக்கும். சரிவில் வீசிய டயப்பரைக் குரங்கும் நாயும் இழுத்துப் போட்டு, உள்ளே இருக்கும் ஜெல் மழையில் ஊறி ஓடை ஓரம் வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளிலேயே டயப்பரை நன்றாகச் சுற்றி மக்காத குப்பையில் போடச் சொல்லியிருந்தது. நாங்கள் செய்தித்தாளில் சுற்றி, பேனாவால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தோம். வண்டியில் வரும் அம்மாவுக்குப் பிரிக்காமலே தெரிய வேண்டும் இல்லையா.

இன்று யாராவது மலையில் புதிதாகத் தொடங்கினால்: உறை பத்துப் பன்னிரண்டு போதும், வெல்க்ரோ வேண்டாம், பட்டன் வைத்ததாக இருக்கட்டும். வெல்க்ரோ ஒரே வருடத்தில் பஞ்சு அப்பிக்கொண்டு ஒட்டாமல் போகும். உடன் வரும் பட்டைகளை வெளியூர் போகும்போது வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நாற்பது வேட்டித் துண்டு வேண்டும். ஒரு சின்ன அறை, ஒரு ஃபேன், நன்றாகப் பிழிகிற ஒரு தொட்டி. டிரையரை நாங்கள் விற்றுவிட்டோம், பாதி விலைக்கு.

உறைகளில் ஒன்பது இன்னும் நன்றாக இருக்கின்றன. ஆறை, பக்கத்து வெலிங்டனில் இருக்கும் தோழி தன் குழந்தைக்கு வாங்கிப் போயிருக்கிறாள். வேட்டித் துண்டுகள் என்னிடமே இருக்கின்றன. காலையில் எழுந்ததும் ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக வழியும் நீரை மகளும் மகனும் ஆளுக்கொரு துண்டால் போட்டி போட்டுத் துடைக்கிறார்கள். பிழிந்து ஸ்டோர் ரூம் கொடியில் போட்டால் மதியத்துக்குள் காய்ந்துவிடுகிறது.